கேட்க வேண்டிய காதுக்கு மட்டும்



வீட்டில் எழும் ஒலி எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அடுப்படியில் தட்டு விழுந்தால் கூடத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது. கூடத்தில் தொலைக்காட்சி பேசினால் மாடியில் படிக்கும் பிள்ளைக்கும் அது கேட்கிறது. ஆயினும் எல்லாச் சொல்லும் எல்லோருக்கும் உரியதன்று. ஒருவர் காதுக்கென்றே பேசப்பட்ட சொற்கள் உண்டு. அந்தக் காது முதுமையால் மந்தமாகிவிட்டால், பிறர் கேளாமல் அச்சொற்களை அதனிடம் கொண்டு சேர்ப்பது எவ்வாறு?

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி 2023ஆம் ஆண்டில் எழுந்தது. கணினியில் எழும் ஒலியைக் கைபேசிக்கு அனுப்பும் ஓர் எளிய வசதிதான் அதற்கு விடையாக அமைந்தது. நம் வீடுகள் பலவற்றிலும் இதே தேவை இருக்கக்கூடும் என்பதால், நடந்ததையும் செய்முறையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

சபரிலிருந்து வந்த குரல்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்று எங்களுடையது. மர்ஹூம் வாப்பா 1978 முதல் 1993 வரை சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்த்தார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததை அடுத்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. நம் ஊர்களிலிருந்து சபர் போனவர்கள் கணக்கற்றோர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பு. இடைப்பட்ட காலத்தில் கடிதமே துணை. தொலைபேசி எல்லா வீட்டிலும் இல்லாத காலம் அது. இருந்த வீட்டிலும் வெளிநாட்டு அழைப்பு என்றால் பணத்தை எண்ணிக்கொண்டே பேச வேண்டும்.

ஆகவே சபராளிகள் பலர் ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய அந்தச் சிறிய கேசட், இசைக்காகவே உலகெங்கும் பேர் பெற்றது. நம் வீடுகளிலோ அது பேசும் கடிதமாகவும் இருந்தது. ஊருக்கு வருகிற நண்பர் கையில் சோப்பு, சென்ட், தைலத்தோடு ஒரு கேசட்டும் வரும். எழுதப் படிக்கத் தெரியாத மனைவியரும் தாய்மாரும் பிறர் உதவியின்றிப் படித்துக்கொள்ளக்கூடிய கடிதம் அது ஒன்றுதான்.

எங்கள் வாப்பா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். கேசட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் ‘வீடு’ என்று எழுதியிருப்பார்கள். அது எல்லோருக்கும். வாப்பா கொண்டுவந்து தந்திருந்த நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து, பாட்டனார் முதல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை சுற்றி அமர்ந்து கேட்போம். ஸலாம் சொல்லித் தொடங்கும் அந்தக் குரல், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நலம் விசாரிக்கும். நம் பெயர் எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இரண்டாம் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்காது. அது உம்மாவுக்கு. இஷாவுக்குப் பின் வீடு அடங்கியதும், உம்மா தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியை மிகவும் தாழ்த்தி வைத்து அதைக் கேட்பார்கள். வெளியே சிறு முணுமுணுப்பு வரும். ஒரு சொல்லும் விளங்காது. அப்படி இருக்க வேண்டும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

பிஸ்கட் தகரப் பெட்டி

வாப்பா 2006இல் வபாத்தானார்கள். அந்தக் கேசட்டுகள் பத்தொன்பதும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில், உம்மாவின் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. டேப்ரெக்கார்டர் எப்போதோ பழுதாகிப் போயிற்று. உம்மாவுக்கு எழுபத்தேழு வயதானபோது ஒருநாள், “அந்தப் பெட்டியில் இருக்கிறதை மவுத்துக்கு முந்தி இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும்” என்றார்கள்.

சொல்வதற்கு எளிது. செய்வதில் மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, நாடாக்களின் நிலை. எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பையே தின்றுவிடும். கேசட்டின் உள்ளே இருப்பது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் நாடா; அதன்மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் குரல் பதிந்திருக்கிறது. நாளடைவில் பூசணம் பிடிக்கும், நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்துவிடும், சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை ஓட்டினால் மறுமுறை ஓடும் என்ற உறுதி இல்லை. எனவே ஓட்டும்போதே கணினியில் பதிந்துவிட வேண்டும்.

இரண்டாவது, உம்மாவின் செவி. தாழ்த்தி வைத்தால் கேளாது. கேட்கும் அளவுக்கு உயர்த்தினால் தெருவுக்கே கேட்கும்.

மூன்றாவது தடைதான் பெரிது. சென்னையில் இத்தகைய நாடாக்களைக் குறுந்தகடாக்கித் தரும் கடை ஒன்றுக்கு அனுப்பலாம் என்று என் தங்கை சொன்னபோது, உம்மா தலையை அசைத்து மறுத்துவிட்டார்கள். “அங்கே யாராவது கேட்பார்கள்” என்றார்கள். நான் பதிந்து தருகிறேன் என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “நீயும் கேட்க வேண்டாம், தம்பி. அது எனக்குப் பேசினது” என்றார்கள்.

வாசகர்களே, இதைப் பிடிவாதம் என்று கொள்ளாதீர்கள். பிறருக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாகாது என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற ஒழுக்கம். பேசிய கடிதத்துக்கும் அது பொருந்தும் அல்லவா? எழுதியவர் மறைந்துவிட்டார் என்பதாலோ, பெற்றவர் முதியவர் என்பதாலோ அந்த அமானிதம் காலாவதி ஆகிவிடுவதில்லை.

ஆனால் பதிவு செய்பவன் கேளாமல் பதிவு செய்வது எங்ஙனம்? குரல் தெளிவாக வருகிறதா, நாடா இழுக்கிறதா, இரைச்சல் மிகுந்துவிட்டதா என்பதைக் காது ஒன்றே சொல்ல முடியும். பதிந்த பிறகு உம்மாவின் கைபேசியில் ஏற்றிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பதிவு சரியில்லை என்று பிறகு தெரிந்தால், நாடா இன்னொரு முறை ஓடுமா? ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்கும் உரிமை உம்மா ஒருவருக்கே இருந்தது.

மாடியிலிருந்து கீழே

என் தங்கை குடும்பம் உம்மாவின் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கு; நான் மனைவி வீட்டிலிருந்து மக்ரிபுக்குப் பின் வந்து போவேன். கணினி மாடியில் தங்கை மகனின் மேசைமேல் இருந்தது. முழங்கால் வலியால் உம்மா மாடிப்படி ஏறுவதில்லை. கணினியைக் கீழே இறக்கினால் அது கூடத்துக்குத்தான் வரும்; அங்கே எந்நேரமும் ஆள் நடமாட்டம். பொறியியல் படித்துக்கொண்டிருந்த தங்கை மகன்தான் வழி சொன்னான்: “மாமா, கணினியில் வருகிற சத்தத்தை வை-ஃபை வழியாக உம்மும்மாவின் போனுக்கு அனுப்பிவிடலாம்.”

இதன் தத்துவத்தை அவன் எனக்கு விளக்கிய முறையிலேயே சொல்கிறேன்.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டின் தரத்தில் ஒலியைப் பதியும்போது, ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அந்த எண்களை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அது அதிர்ந்து குரலாகிறது. அதே எண்களின் படி ஒன்றை எடுத்துச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி வை-ஃபை அலையில் அனுப்பினால், கைபேசி அவற்றைப் பிரித்துத் தன் காதணிக் கருவியில் குரலாக்கும். ஆக, கணினியில் அனுப்பும் மென்பொருள் ஒன்றும், கைபேசியில் வாங்கும் மென்பொருள் ஒன்றும் வேண்டும். ஆடியோ ரிலே, சவுண்ட் வயர் போன்றவை இத்தகையவை.

வாங்கும் கைபேசி, வந்த பொட்டலத்தை அந்தக் கணமே ஒலிப்பதில்லை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? குழாயில் நீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில் சிறிது தேங்கியிருப்பதால் கீழே சீராக ஒழுகுகிறது. அதுபோலக் கைபேசியும் சில பொட்டலங்களைத் தேக்கி வைத்தே ஒலிக்கும். தேக்கம் பெரிதானால் ஒலி அறுபடாது. ஆனால் சற்றுத் தாமதமாக வரும். தேக்கம் சிறிதானால் தாமதம் குறையும். ஆனால் அலை தடுமாறும்போது ஒலி விட்டுவிட்டு வரும். எங்களுக்குப் பார்க்கப் படம் ஏதும் இல்லையாதலால் தாமதம் பொருட்டன்று. தேக்கத்தைத் தாராளமாகவே வைத்துக்கொண்டோம்.

புளூடூத் இருக்க வை-ஃபை எதற்கு என்று சிலர் வினவலாம். கணினியோடு புளூடூத் காதணியை நேரே இணைப்பது உண்மையில் சுலபம்தான். ஆனால் வீட்டில் நாம் பயன்படுத்தும் புளூடூத் கருவிகள் பலவும் ஏறத்தாழ 10 மீட்டர் எட்டும். இடையே சுவரும் தளமும் வந்தால் அதுவும் குறையும். வை-ஃபை பெட்டியோ எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் நடுவே இருந்தது.

திரையில் ஓடிய கோடுகள்

உறவினர் ஒருவரிடமிருந்து நல்ல நிலையில் இருந்த கேசட் ஓட்டும் கருவி ஒன்றை இரவல் பெற்றோம். ஒலி படிக்கும் அதன் முனையை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். கேசட் ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் இருக்கும் இரு சிறு பிளாஸ்டிக் பற்களை முதலில் உடைத்துவிட்டோம். அவை இல்லாவிட்டால் கை தவறி எவரும் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. பிறகு நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றினோம், சுருள்கள் இளகட்டும் என்று. பூசணம் படிந்திருந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தோம். பூசணம் கருவிக்குள் ஒட்டிக்கொண்டால் மற்ற நாடாக்களுக்கும் பரவும்.

கருவியின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினியின் ஒலி உட்செல்லும் துளைக்குக் கம்பி கொடுத்தோம். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள். 2000ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் இலவசமாகக் கிடைப்பது. உள்ளே வருகிற ஒலியைப் பதிந்துகொண்டே வெளியேயும் விடும் வசதி அதில் உண்டு. அப்படி வெளிவரும் ஒலிதான் அனுப்பும் மென்பொருள் வழியே கைபேசிக்குச் சென்றது. கணினியின் ஒலிபெருக்கியை மின் இணைப்பிலிருந்தே கழற்றி, தங்கை மகன் அதை அடுத்த அறையில் கொண்டு வைத்தான்.

‘வீடு’ என்று எழுதிய பக்கங்களுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. அவற்றைக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து, பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் கேட்டோம். தம் பாட்டனாரை நேரில் கண்டிராத பிள்ளைகள் அவர் குரலை முதன்முறையாகக் கேட்டனர். இரண்டாம் பக்கங்களுக்கு மட்டும் இஷாவுக்குப் பின் நேரம் குறித்தோம்.

உம்மா தம் அறையில் மக்கனாவுக்குள் காதை மூடும் பெரிய ஹெட்போனை வைத்துக்கொண்டு, கைபேசியை மடியில் இருத்தி அமர்ந்திருப்பார்கள். மாடியில் நான் திரையின் முன். மாடிப்படியில் தங்கையின் ஒன்பது வயது மகள், தூது செல்ல. உம்மா சொல்ல வேண்டிய சொற்கள் மூன்றே என்று பேசி வைத்திருந்தோம்: ‘போகட்டும்’, ‘நிறுத்து’, ‘வேண்டாம்’. இழுவை இருந்தால் ‘நிறுத்து’. நாடாவைச் சரிசெய்து மீண்டும் ஓட்டுவோம். ‘வேண்டாம்’ என்றால், கேட்டது போதும், இதைக் கணினியில் வைக்க வேண்டாம் என்று பொருள்.

திரையில் குரல் ஒரு கோடாக ஓடியது. பேசும் இடத்தில் மேலும் கீழும் அகன்று, நிற்கும் இடத்தில் நூலாக மெலிந்தது. அளவு உச்சத்தைத் தொட்டு முறிந்துவிடாமல் பார்ப்பது ஒன்றே என் வேலை. வாப்பா எங்கே விரைந்து பேசினார்கள், எங்கே நெடுநேரம் மௌனமாயிருந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. அரை மணி நேரம் ஓடும் ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் கோடு அசையவே இல்லை. நாடா பழுதோ என்று பதறி, சிறுமியைக் கீழே அனுப்பினேன். அவள் திரும்பி வந்து, “போகட்டுமாம் மாமா” என்றாள். அந்த மௌனமும் உம்மாவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது போலும்.

இவ்வாறு பதினேழு கேசட்டுகளை முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான்கு முறை ‘வேண்டாம்’ என்ற சொல் வந்தது. நான்கு முறையும் சேமிக்காமலே மூடினேன். கேசட்டுகள் மட்டும் பெட்டிக்குத் திரும்பின. மற்றவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கணினியில் இருந்ததை அவர்களுக்குத் தெரியும்படியே அழித்தோம். கேட்டவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் உம்மா எங்களிடம் சொன்னார்கள். கொல்லையில் நட்ட தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்று வாப்பா ஒரு நாடாவில் கேட்டிருந்தார்களாம். அந்தத் தென்னை இப்போது மொட்டைமாடியைத் தாண்டி நிற்கிறது.

செவிக்கு நேர்ந்த நன்மை

இதனால் நாங்கள் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. சில ஆண்டுகளாக உம்மா கூடத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் தாமும் சிரிப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காது மருத்துவரிடம் போகலாம் என்றால், “வயசானால் இப்படித்தான்” என்ற ஒரு பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஹெட்போனில் வாப்பாவின் குரல் சொல் சொல்லாகக் கேட்ட பிறகு, தாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது. தாமாகவே மருத்துவரிடம் வரச் சம்மதித்தார்கள். செவித்திறன் சோதனை செய்து, இப்போது ஒரு காதில் கருவி அணிகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய அறிக்கை, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓரளவு செவித்திறன் குறை உண்டு என்று கூறுகிறது. முதுமையில் பெரும்பாலும் மேல்சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. ச, ஷ, ஃப போன்ற ஒலிகள் நழுவிவிடும். உயிரோசை மட்டும் கேட்கும். “கேட்கிறது, விளங்கவில்லை” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அறையில் ஒலிபெருக்கியை உயர்த்தினால் எதிரொலியும் சேர்ந்து உயர்ந்து குழப்பம் கூடும். காதின் அருகே ஒலிக்கும்போது அந்த எதிரொலி இல்லை. ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் வசதி கைபேசியின் அமைப்புகளிலேயே இருக்கிறது. அணுகல் வசதிகள் என்ற பகுதியில் தேடினால் கிடைக்கும்.

இன்று அதே ஏற்பாட்டில், ரமலான் மாதத்தில் கணினியில் வைக்கும் பயானை உம்மா தம் அறையிலிருந்தே கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் பேரன் பேசும்போது பெரிய திரையில் முகம், காதருகே குரல்.

செய்ய விரும்புவோருக்கு

கேட்பவர் கணினியின் அருகிலேயே அமர முடியுமானால், நீளமான கம்பியுள்ள ஹெட்போனே போதும். இத்தனை ஏற்பாடும் வேண்டியதில்லை. ஆயினும் முதியவர்கள் நடக்கும் வழியில் கம்பி கிடக்கக் கூடாது.

கணினியும் கைபேசியும் ஒரே வை-ஃபை பெட்டியோடு இணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கென்று தனியாகப் பெயர் வைத்த இணைப்பில் கைபேசி இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று காணாமல் போகலாம். கைபேசி தானாகக் கணினியைக் கண்டுகொள்ளாவிட்டால், கணினியின் முகவரி எண்ணை நாமே எழுதலாம். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ஒலி வீட்டுக்குள்ளேயே செல்வதால் இணையக் கட்டணம் ஆவதில்லை.

வெளியார் பலர் பயன்படுத்தும் பொது வை-ஃபையில் இதைச் செய்யாதீர்கள். அதே இணைப்பில் இருக்கும் வேறொருவர் கேட்க இடமுண்டு. கணினி முதன்முறை அனுமதி கேட்கும்போது, வீட்டு இணைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மேலும், கணினியில் எழும் எல்லா ஒலியும் கைபேசிக்குச் செல்லும் என்பதால், அறிவிப்பு மணிகளை முதலில் அடக்கிவிடுங்கள். இல்லையேல் முதியவர் காதில் அது திடுக்கென்று ஒலிக்கும்.

படத்தோடு பார்க்கும்போது தாமதம் தொல்லை தரும். ஒலி படத்துக்குப் பிந்தி ஏறத்தாழ 125 மில்லிவிநாடிக்கு மேல் வந்தால் பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்குகிறது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. வி.எல்.சி. மென்பொருளில் படம் பார்ப்பவர்கள் ஜே என்ற விசையை அழுத்த அழுத்த ஒலி சிறிது சிறிதாக முன்னே வரும். கம்பியில்லா ஹெட்போன் தன் பங்குக்கு மேலும் தாமதம் சேர்க்குமாதலால், கம்பியுள்ளதே நன்று.

ஒலியின் அளவில் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 90 டெசிபல் ஆனால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காது கேளாதவர் என்று எண்ணி முழு அளவில் வைத்துவிட்டால், எஞ்சியிருக்கும் செவியும் கெடும். இதனால் மருத்துவரைத் தள்ளிப்போடவும் கூடாது. சில வேளைகளில் காதில் அடைத்திருக்கும் அழுக்கை அகற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அன்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். ஜித்தாவிலிருந்தோ, துபாயிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ என்றோ பேசிய ஒரு குரல் அதற்குள் இருக்கலாம். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. அதைக் கேட்க வேண்டியவருக்கும் ஆயுள் உண்டு. இரண்டும் ஹயாத்தாக இருக்கும்போதே அந்தப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். திறக்கும் முன், அது யாருக்குப் பேசப்பட்டதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.